பெண்டாட்டி எழுதிய டிரைவர்

விருதுநகரில் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொண்டிருந்த முனியராஜுக்கு நேரில் கோபமே வராது. பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால்கூடக் காலை நகர்த்திக்கொள்வானே தவிர வாயைத் திறக்க மாட்டான். மெயிலில் மட்டும் ஆளே வேறு.

லினக்ஸ் என்கிற இயங்குதளத்தை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். அதற்கு உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் டிரைவர் எழுதி அனுப்புவார்கள். புதிதாக ஒரு மெஷினை மாட்டினால், அது சொல்வதைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கிற நிரல்தான் டிரைவர். எழுதியதை எல்லோரும் பார்க்கிற மெயில் குழுவில் போட வேண்டும். விவரம் தெரிந்த ஒருவர் வரிவரியாகப் படித்து, 'பார்த்தேன், சரி' என்று தன் பெயரைப் போட்டால்தான் அது மேலே போகும். சின்னச் சின்னக் கருவிகளின் டிரைவர்களை அப்படிச் சம்பளமில்லாமல் படித்துக்கொண்டிருந்தவன் முனியராஜ். அவனிடம் பெயர் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. தூக்கத்தில் எழுதினீர்களா என்று கேட்டு ஒரு போலந்துக்காரரை அழாத குறையாக ஓடவிட்டவன்.

2007இல் அந்தக் குழுவுக்கு ஒரு புது ஆள் டிரைவர் அனுப்பினாள். அது அவன் பெண்டாட்டி செல்வலட்சுமி.

அவள் சிவகாசிப் பக்கம் நாரணாபுரத்துக்காரி. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் கம்ப்யூட்டர் டிகிரி முடித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்வந்தாள். அங்கே தாள் எண்ணுகிற மெஷின் ஒன்று, அதைச் செய்த கம்பெனியே மூடிப்போனதால், புதுக் கம்ப்யூட்டரோடு சேராமல் முரண்டு பிடித்தது. காலண்டர் சீசனுக்குள் அதை வழிக்குக் கொண்டுவருகிறேன் என்று உட்கார்ந்து எழுதினாள். புருஷனிடம் ஒரு வரி காட்டவில்லை.

"வீட்டுல காட்டினா நீங்களே எழுதிக் குடுத்திருவீக. மத்தவுகளுக்குச் சொல்ற மாதிரி எனக்கும் அங்கனயே சொல்லுங்க" என்றாள்.

முனியராஜுக்கு உள்ளூரப் பெருமை தாங்கவில்லை. படிக்கப் படிக்க அது இன்னும் கூடியது. அவ்வளவு சுத்தமாக எழுதியிருந்தாள். பாதிக்கு மேல்தான் முகம் சுருங்கியது. மெஷினோடு பேசுகிற நேரத்தில் வேறு நிரல் குறுக்கே வராமலிருக்க உள்ளே தாழ் போட்டுக்கொள்வது இந்தத் தொழிலில் வழக்கம். முடிந்து வெளியே வரும்போது தாழை எடுத்துவிட வேண்டும். காரியம் ஒழுங்காக முடிந்த இடத்தில் எடுத்திருந்தாள். கோளாறு வந்து வெளியேறுகிற ஒவ்வொரு இடத்திலும் போட்டது போட்டபடி ஓடியிருந்தாள். ஒரு கோளாறு வந்தால் போதும், அடுத்து வருகிற நிரல் வாசலிலேயே உறைந்து நின்றுவிடும்.

இப்போது என்ன செய்வது? பெண்டாட்டி என்று கண்டும் காணாமல் பெயரைப் போட்டால், அப்புறம் அந்தப் பெயருக்கு என்ன மரியாதை? வழக்கம்போல ஊரறியத் திட்டினால், ஆசையாக எழுதியவள் இனி அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டாள். கடைசியில் வீம்புதான் ஜெயித்தது. குறைகளை எழுதி, 'கோளாறு வந்தால் ஓட மட்டும்தான் தெரியுமா?' என்று வழக்கமான சூட்டோடு முடித்து அனுப்பிவிட்டான். அனுப்பின பிறகு மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

சாயங்காலம் பஸ் இறங்கி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஓடத்தாங்க செய்யணும்" என்றாள்.

பட்டாசுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்ததும் சொல்லிக் கொடுப்பதே அதுதானாம். புகையைக் கண்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும், எதையும் எடுக்க நிற்கக் கூடாது. ஒருநாள் பக்கத்து ரூமில் தீப்பிடித்தபோது எல்லோரும் அப்படித்தான் ஓடினார்கள். தூக்குவாளியை எடுக்கத் திரும்பிய பாலம்மாளுக்கு மட்டும் கை வெந்துபோனது.

இத்தனை வருஷம் ஒன்றாக இருந்தும் முனியராஜ் இதைக் கேட்டதில்லை. அவளை இழந்திருக்கக்கூடும் என்ற நினைப்பே அவனுக்கு அப்போதுதான் வந்தது. ஆனால் அவள் ஓடிவந்த ரூமில் கதவு எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டான்.

"கதவை யாரும் சாத்தவே மாட்டோம். எவளுக்கும் வழி அடைபடக் கூடாதுல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். மெதுவாக உட்கார்ந்தாள். "அப்ப நான் தாழ்ப்பாளைப் போட்டுட்டுல்ல ஓடியிருக்கேன். அடுத்தவ என்ன செய்வா?"

மறுநாள் குழுவில் ரகளை. புதிதாக வந்த பெண்ணிடம் இப்படியா பேசுவது என்று ஒரு ஜெர்மன்காரர் ஆரம்பித்துவைக்க, ஆளாளுக்குச் சேர்ந்துகொண்டார்கள். லேபில் உட்கார்ந்து படித்த முனியராஜுக்குக் காது சூடேறியது. அப்போது அச்சகத்திலிருந்து செல்வலட்சுமியின் பதில் வந்தது.

'அவர் என் கணவர். அவர் சொன்ன தப்பு உண்மை. அது இருக்கிறவரை அவர் பெயர் போட்டாலும் நான் ஏற்க மாட்டேன். திருத்தியதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஆனால் நான் ஏன் ஓடினேன் என்று கேட்காமல் எழுதினார். அதற்கு இங்கேயே, எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.'

கேட்டான். சுற்றி வளைக்காமல், தப்பு தன்னுடையது என்று எழுதினான். எழுதிவிட்டு, அவள் திருத்தியதை முதல் வரியிலிருந்து படித்தான். ஒரே ஒரு இடத்தில் தாழ் இன்னும் எடுக்கப்படாமல் கிடந்தது. மன்னிப்புக்குக் கீழேயே அதையும் எழுதி அனுப்பினான்.

அச்சகத்தில் அதைப் படித்தவள் பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அதையும் திருத்தி அனுப்பினாள். அன்றைக்கு அவள் விருதுநகருக்குப் பஸ் ஏறுமுன்பே டிரைவருக்கு அடியில் அவன் பெயர் ஏறியிருந்தது.