போகிக்குள் ஓட வேண்டிய சைக்கிள்

பழைய பி.எம்.எக்ஸ். சைக்கிள் சேர்க்கிறவர்கள் வீட்டில் சைக்கிள் இருக்காது. சைக்கிளாகப் போகிற சாமான்கள்தான் இருக்கும். உங்கள் வீட்டிலும் கட்டிலுக்கடியில் ஒரு ஹேண்டில் பார் கிடக்கிறதா? வாங்க, இப்படி உட்காருங்க. நாம ஒரே கட்சி.

கெடு

எங்க வீட்டுக்காரர் சிறுசேரி கம்பெனி ஆட்களை மாமல்லபுரம் பக்கத்திலிருந்து ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறார். வீடு மாறிப் போன ஒருத்தர், தன் சின்ன வயசு சைக்கிளை வேனிலேயே விட்டுவிட்டு, "குழந்தைக்கு வெச்சுக்குங்க" என்று சொல்லிப் போய்விட்டார். குழந்தை அப்போதுதான் குப்புற விழ ஆரம்பித்திருந்தாள். அதனால் நான் ஏறினேன். பள்ளிக்கூட நாளில் வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டவள் நான். சீட்டில் உட்கார்ந்தபடி கால் தரையில் எட்டின முதல் வண்டி அதுதான்.

அங்கே பிடித்தது இந்தக் கிறுக்கு. பாரில் பஞ்சு உறை, முன்னால் நம்பர் தட்டு, பிளாஸ்டிக் சக்கரத்தில் குண்டு டயர் என்று தொண்ணூறுகளில் வந்த வண்டி எங்கே கண்டாலும் கேட்டு வாங்கிவிடுவேன். பாப்பா நடந்து, பேசி, பால்வாடிக்குப் போவதற்குள் ஏழு சேர்ந்துவிட்டன. ஒன்றும் ஓடாது. ஓடிக்கொண்டிருந்த முதல் வண்டியும் கடல் காற்றில் துரு ஏறி நின்றுவிட்டது. மார்கழியில் ஒருநாள் காலை அவர் அவசரமாகக் கிளம்பும்போது, நடையில் நின்ற ஒரு வண்டியின் பெடல் அவர் முழங்காலில் இடித்தது. சத்தம் போடவில்லை. தடவிக்கொண்டே சொன்னார்: "போகிக்குள்ள இதுல ஒண்ணாவது ரோட்ல ஓடணும். ஓடலன்னா காயலான் கடைக்காரன வரச் சொல்லிடுவேன். ஏழும் போய்டும்."

மீதி வண்டி

ஏழில் சீக்கிரம் முடியக்கூடியது சிவப்பு வண்டி. அதற்கு வேண்டியது ஒரு நல்ல சட்டமும் இரண்டு சக்கரமும். சட்டம் கூடுவாஞ்சேரியில் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் கிடைத்தது. துணி காயப்போட வைத்திருந்தார்கள். துணியை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சட்டத்தை வாங்கிக்கொண்டேன்.

செங்கல்பட்டு போகிற மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறினேன். இடுப்பில் பாப்பா, தோளில் சட்டம். எதிரே ஒரு அம்மா பூ கட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார், சட்டத்தைப் பார்த்தார், சக்கரம் இருக்க வேண்டிய இடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டியதும் பொறுக்க முடியாமல் கேட்டார்: "ஏம்மா, மீதி வண்டி எந்த ஸ்டேஷன்ல ஏறும்?"

துரு

மண்ணெண்ணெய், உப்புத்தாள், ரசத்துக்குக் கரைத்து மிச்சமான புளிச் சக்கை. இந்த மூன்றும் இருந்தால் ஹேண்டில் பாரில் முகம் பார்க்கலாம். நான் பொட்டே வைத்துக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்க வீட்டுக்காரர் தன் வேனில் வருகிற தம்பி ஒருத்தரைக் கூட்டிவந்தார். சின்ன வயசில் பி.எம்.எக்ஸ். ஓட்டியவராம். இரண்டு வண்டியையாவது அவர் தலையில் கட்டிவிடலாம் என்பது இவர் கணக்கு. தம்பி நான் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்ததைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே போய், மூலையில் துருவேறிக் கிடந்ததன் முன்னால் குந்திக்கொண்டார். "இத மட்டும் தேய்ச்சுடாதீங்கக்கா. பழசு பழசாவே இருக்கணும்" என்றார். வாங்குவார் போலிருக்கிறது என்று நான் காபி போட்டேன். காபியைக் குடித்துவிட்டு, துருவை விரலால் தொட்டுப் பார்த்து, கொஞ்சம் கவலையோடு கேட்டார்: "இந்தத் துரு ஒரிஜினலாக்கா, இல்ல இங்க வந்து புடிச்சதா?"

கயிறு

சக்கரம் தேடி அலைந்ததில் எங்கள் பக்கத்து விதி ஒன்று புரிந்தது. செங்கல்பட்டுப் பக்கம் சட்டம் கிடைக்கும். பிளாஸ்டிக் சக்கரத்தைப் பிள்ளைகள் கழற்றி உருட்டி உடைத்திருப்பார்கள். கடலோரத்தில் இரும்பெல்லாம் உப்புக் காற்றில் உதிர்ந்துபோகும். பிளாஸ்டிக் சக்கரம் மட்டும் அப்படியே நிற்கும். ஆகவே சக்கரத்துக்குக் கோவளம் போனேன். அங்கே ஒரு படகுக்காரர் வீட்டு வாசலில், மஞ்சள் நிறத்தில், ஒரு ஜோடி. இரண்டிலும் நங்கூரக் கயிறு சுற்றியிருந்தது.

"அண்ணே, அந்த ரெண்டு வீலையும் குடுப்பீங்களா?"

"குட்த்துட்டு? கயித்த இன்னா, உன் தலைலயா சுத்தறது?"

நியாயம்தான். சிறுசேரி ரோட்டில் கேபிள் புதைக்கிறவர்களிடம் கெஞ்சி, கேபிள் சுற்றி வந்த இரண்டு காலி பிளாஸ்டிக் உருளை வாங்கி, மறுநாள் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் தட்டிப் பார்த்தார். உட்கார்ந்தும் பார்த்தார். பிறகு பொறுமையாகக் கயிற்றை மாற்றிச் சுற்றிவிட்டு, செதில் ஒட்டியிருந்த சக்கரங்களை என் கையில் கொடுத்துச் சொன்னார்: "வண்டி ஓடலன்னா இங்கியே கொண்டாந்துடும்மா. கயிறு இன்னும் கீது."

போகி

போகி அன்று காலை சிவப்பு வண்டி முழுசாக நின்றது. வாசலில் காயலான் கடைக்காரரும் தன் மூணு சக்கர வண்டியோடு நின்றார். எங்க வீட்டுக்காரர் முன்யோசனைக்காரர். முந்தின நாளே சொல்லிவைத்துவிட்டார்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருக்கோடியிலிருந்து மிதித்து வந்தேன். வண்டி என்னமாய் ஓடியது! வீட்டு வாசலில் ஸ்டைலாக நிறுத்தலாம் என்று பிரேக்கைப் பிடித்தேன். இரும்பு ரிம்முக்குச் செய்த பிரேக் கட்டை பிளாஸ்டிக் சக்கரத்தில் வழுக்கும். இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கு அன்று காலையில் தெரிந்தது. வாசலைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி வந்து மறுபடியும் தாண்டினேன். பாப்பா கை தட்டினாள்.

"நிறுத்துடி!"

"ஓடணும்னுதானே சொன்னீங்க!" என்று கத்திக்கொண்டே போனேன். கடைசியில் சவுக்குத் தோப்பு மணலில் வண்டி தானாக நின்றது. தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது காயலான் கடைக்காரர் இவரிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார்: "ஓடாத வண்டின்னுதானே அண்ணாத்த கூப்ட்ட? இத்த நான் தொரத்திப் புட்ச்சா எடுக்கறது?"

இவர் என்னைப் பார்த்தார். உள்ளே இருந்த மற்ற ஆறையும் எட்டிப் பார்த்தார். சொன்ன வார்த்தையை மாற்றுகிற ஆள் இல்லை. உள்ளே போய், தானே ரிப்பேர் செய்வதாகப் பரண்மேல் போட்டுவைத்திருந்த தன் டேபிள் ஃபேனை எடுத்துவந்து, மூணு சக்கர வண்டியில் வைத்தார். "இத்த எடுத்துக்கோ. இது ஓடாது, தொரத்த வேணாம்."

வேறு பிரேக் கட்டை அப்புறம் போட்டுவிட்டேன் என்றாலும், போகி அன்று மட்டும் நான் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்துவதில்லை.