ஒரே வயிற்றில் இரண்டு நாடு

தொண்ணூற்றிரண்டாம் வருஷம், பங்குனி மாதம். அம்பத்தூரை விட்டு அயனம்பாக்கம் வழியாகத் திருவேற்காட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தலையில் தகரப் பெட்டி, அக்குளில் பாய், கையில் வாளி, வாளிக்குள் மண்ணெண்ணெய் ஸ்டவ். பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இவ்வளவு சாமானோடு ஏறினால் பக்கத்தில் நிற்பவர் எந்த ஊர் என்று கேட்பார். அந்த வருஷம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

நடப்பது எனக்குப் புதிதில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். குன்னூரில் கொழுந்து மூட்டை, திருப்பூரில் சாயப்பட்டறை, ஆந்திராவில் கல்குவாரி என்று சுற்றிவிட்டு அம்பத்தூரில் ஒரு சின்னப் பட்டறையில் இரும்பு அறுக்கிற வேலையில் இருந்தேன். ஓர் இடத்தில் இரண்டு வருஷம் தங்கினால் கால் அரிக்கும். ஆனால் அன்றைக்கு நானாகக் கிளம்பவில்லை. கிளப்பிவிட்டார்கள்.

முந்தின வருஷம் பக்கத்து ஊரில் நடந்து, நாட்டையே உலுக்கிய அந்தப் படுகொலைக்குப் பிறகு, சிலோன் என்ற சொல்லைக் கேட்டாலே சென்னையில் கதவுகள் சாத்திக்கொண்டன. நான் பிறந்தது அங்கேதான். மலையில், தேயிலைத் தோட்டத்தில். ஆனால் நான் அகதி இல்லை. இரண்டு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தம் போட்டு, தோட்டத்து ஜனங்களை ஆளுக்கு இத்தனை பேர் என்று பிரித்துக்கொண்டபோது, என் அப்பா இந்தியா கேட்டு எழுதிக் கொடுத்தார். பாஸ்போர்ட்டோடு கப்பலேறி ராமேஸ்வரத்தில் வந்து இறங்கிய இந்தியக் குடிமகன் நான். தாயகம் திரும்பியவன் என்று குடும்ப அட்டை கொடுத்தார்கள்.

வீட்டுக்காரர் ஆவடித் தொழிற்சாலை ஒன்றின் கேண்டீனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர்தான். அன்று காலை நான் வாசற்படியில் உட்கார்ந்து டீ குடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் மலை ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பால் சேர்க்காத சாயத் தண்ணீரைத் தம்ளரில் வைத்துக்கொள்வோம். சீனியை அதில் போட மாட்டோம். இடது உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு ஒரு நக்கு, ஒரு மிடறு. எத்தனை ஊர் மாறியும் அது மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

"எங்க கேண்டீன்ல ஒரு சிலோன் ஆளு இப்படித்தான் கையில சக்கரய வெச்சி நக்கிகினு குடிப்பான்," என்றார். "நீ திருச்சிப் பக்கம்னு சொன்னியே நைனா?"

"அப்பாவுக்குத் திருச்சிதாண்ணே. நான் இந்தியன். அட்டை இருக்கு, காட்டட்டுமா?"

"அட்டை கெடக்குது உடு. பொறந்தது எங்க?"

"சிலோன்ல."

"அப்பறம் இன்னா? ஸ்டேஷன்லேர்ந்து ஊடு ஊடா வந்து கேட்டுகினு போறாங்க. நாளைக்கு எம்மேல கேஸு வந்தா நீயா வந்து நிப்ப?"

அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் மனைவி ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

போக ஓர் இடம் இருந்தது. பூந்தமல்லியில் என் அக்கா இருந்தாள். கூடப்பிறந்த அக்கா. ஒப்பந்த மனு எழுதிய காலத்தில் அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது. அதனால் அவள் பெயர் மாமா வீட்டு மனுவில் போனது. அவர்கள் இலங்கை கேட்டார்கள். அப்படியாக நான் இந்தியா, அவள் இலங்கை. பிறகு வந்த கலவரத்தில் வீடு எரிந்து, பத்திரங்கள் எரிந்து, மாமாவும் போய்விட்டார். எப்படிப் போனார் என்று அக்கா சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கைக்குழந்தையோடு படகில் வந்தாள். முகாமிலிருந்து நான்தான் பூந்தமல்லிக்கு அழைத்து வந்து ஒரு வீடு பார்த்துக் கொடுத்தேன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் பிசிறு வெட்டினாள். மாதா மாதம் ஸ்டேஷனில் போய் முகம் காட்டிவிட்டு வருவாள். மகள் நாலாம் வகுப்புப் படித்தாள்.

மத்தியானம் தாண்டிப் போய்ச் சேர்ந்தேன். கதவில் பூட்டு. பக்கத்து வீட்டில் மெத்தை தைக்கிற பாய் குடும்பம். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் வெளியே ஓடி வந்தார்.

"தம்பி, காலையில வேன்ல வந்தாங்க. பேரு பதியணும், ஒடனே உட்டுருவோம்னு சொல்லி அக்காவயும் புள்ளயயும் கூட்டிகினு போனாங்க. அடுப்புல கொழம்பு கொதிச்சிகினு இருந்திச்சி. நாந்தான் போய் எறக்கி வெச்சிப் பூட்டுனேன்."

"எங்கம்மா கூட்டிட்டுப் போனாங்க?"

"ரோட்டு மேல கல்யாண மண்டபம் இல்ல, அங்கதான். பெட்டிய இங்க வெச்சிட்டு ஓடு தம்பி."

ஓடினேன். மண்டபத்து வாசலில் முந்தின முகூர்த்தத்துக்குக் கட்டிய வாழைமரங்கள் அவிழ்க்கப்படாமல் வாடி நின்றன. நல்வரவு என்ற தெர்மகோல் எழுத்துகள்கூட அப்படியே இருந்தன. அதற்குக் கீழே ஒரு கான்ஸ்டபிள்.

"யாருய்யா நீ?"

"உள்ள எங்க அக்கா இருக்கு சார்."

"நீயும் சிலோனா? அப்ப உள்ள போ."

"இல்ல சார், நான் இந்தியா." பழக்கத்தில் அட்டையை நீட்டிவிட்டேன்.

அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ இந்தியா, அவ சிலோன். அப்பறம் எப்பிடிய்யா அக்கா தம்பி? சின்னம்மா பொண்ணா?"

"ஒரே வயித்துல பொறந்தவங்க சார்."

"ஒரே வயித்துல ரெண்டு நாடா!" வாய்விட்டுச் சிரித்தார். தெருவில் போன ஒருவரும் நின்று சிரித்தார். "இந்தியாக்காரங்களுக்கு உள்ள வேலை இல்லப்பா. போ, போ."

காலையில் சிலோன்காரன் என்று வீட்டை விட்டு அனுப்பினார்கள். அதே நாள் பொழுது சாய்வதற்குள் இந்தியாக்காரன் என்று அக்காவிடமிருந்து தள்ளி நிறுத்துகிறார்கள். நான் நகராமல் நின்றதைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். குரலைத் தணித்துச் சொன்னார்.

"காலையில ஆபீசர் வராரு. கையெழுத்து வாங்குவாரு. போட்டவங்கள ஊருக்கு அனுப்ப கப்பல் ரெடியா கீது. ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்."

"கையெழுத்துப் போடாதவங்க?"

"விருப்பம் இல்லாதவங்கள இன்னா பண்றது? திரும்ப முகாம்தான்."

"போட்டா கப்பல்னு உள்ள இருக்கறவங்களுக்குத் தெரியுமா சார்?"

"பேப்பரு இங்கிலீஷ்ல கீது. எனுக்கே ரைட்டர் படிச்சிச் சொல்லித்தான் தெரிஞ்சிது."

அப்போதுதான் மாடி ஜன்னலில் அக்காவைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்துவிட்டாள். அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். சிரித்தாள். உள்ளங்கையில் விரலால் எழுதுகிற மாதிரி சைகை காட்டினாள். பிறகு ஒற்றை விரலை உயர்த்தி, தன் நெஞ்சைத் தொட்டாள். நான்தான் முதல் ஆள், கையெழுத்துப் போடப் போகிறேன் என்கிறாள்.

அவள் ஏன் சிரிக்கிறாள் என்று வெளியாட்களுக்குப் புரியாது, எனக்குப் புரிந்தது. மலையில் நாங்கள் இருந்த லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்தக் கூலி வீடுகளில், ஒருவர் ஒப்பந்த மனுவில் கையெழுத்துப் போடாமல், யோசித்துச் செய்யலாம் என்று இருந்துவிட்டார். தேதி போய்விட்டது. கடைசிவரை இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. இறந்தபோதுகூட அவர் எந்த நாட்டு ஆள் என்று யாருக்கும் எழுதத் தெரியவில்லை. அவரைக் காட்டித்தான் எங்களை வளர்த்தார்கள். அரசாங்கம் காகிதத்தை நீட்டினால் முதல் ஆளாகப் போய்ப் போட்டுவிடு, தாமதித்தவன் தெருவில் நிற்பான். அந்தப் பயம் எங்கள் ஜனங்களின் ரத்தத்தில் இருக்கிறது. பதிவு என்று சொன்னால் போதும், சந்தோஷமாக முண்டியடிப்போம். இங்கே அந்தப் பழக்கமே அவளைக் கப்பலேற்றப் போகிறது. வீடு இல்லாத, ஆள் இல்லாத, அவள் பெயருக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட மிச்சமில்லாத இடத்துக்கு, ஒன்பது வயதுப் பெண்ணோடு.

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கையை ஆட்டினேன். அவள் பதிலுக்குக் கையை ஆட்டினாள், போய்ச் சாப்பிடு என்கிறது போல. கத்தியிருக்கலாம். ஆனால் அந்த வருஷம் அப்படிக் கத்தினால் என்னையும் தூக்கி வேறெங்காவது போட்டிருப்பார்கள், அவளுக்குச் சேதி சொல்ல ஒருவனும் இருந்திருக்க மாட்டான். கான்ஸ்டபிள் லத்தியால் முழங்காலில் லேசாகத் தட்டினார். நகர்ந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் படுத்துவிட்டு விடிந்ததும் மண்டபத்தின் பின்பக்கம் போனேன். சமையல் கட்டுக்கு அங்கே தனி வாசல். ஒரு மாட்டு வண்டியிலிருந்து அரிசி மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. சமையல்காரர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வராத ஆட்களைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"சிலோன் ஆளுங்களுக்குச் சமைக்கப் போனா போலீஸ் புடிக்கும்னு ஒரு பேமானியும் வரல. இத்தினி பேருக்கு நானே பொங்கி, நானே போட்டு, நானே எலை எடுக்கறதா?"

"நான் வர்றேன் அண்ணாத்தே," என்றேன்.

ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா தெரியும் உனுக்கு?"

"எச்சில் இலை எடுப்பேன். தண்ணி தூக்குவேன். டீ ஊத்துவேன்."

"சிலோன் இல்லியே நீ? அப்பறம் எந்தலைய உருட்டுவாங்க."

அட்டையை நீட்டினேன். பின்வாசலில் நின்ற காவலரும் பார்த்தார். தலையசைத்தார். அந்த அட்டை எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது அதுதான் முதல் தடவை.

பால் ஊற்றுவதற்கு முன்னால் ஒரு தூக்கில் சாயத்தைத் தனியாக எடுத்துக்கொண்டேன். சட்டைப் பையில் ஒரு பிடி சீனி. டீ வாளியோடு கூடத்துக்குள் போனேன். சமையல்காரர் போட்ட காலைப் பொங்கலைச் சாப்பிட்ட இலைகள் ஓரமாக இன்னும் எடுக்காமல் கிடந்தன. மணமேடையில் மேஜை போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். வரிசை மண்டபத்தைச் சுற்றி வளைந்து நின்றது. மேஜைக்கு முன்னால் முதல் ஆளாக அக்கா. தலை வாரி, முகம் கழுவி, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் மேஜை மேலேயே இருந்தது. என்னைக் கவனிக்கவில்லை.

ஒரு தம்ளரில் சாயத்தை ஊற்றி அவளிடம் நீட்டினேன். நிமிராமலேயே வாங்கிக்கொண்டாள். சீனியை எடுத்தேன். அவள் இடது கை தானாக மகளின் கையை விட்டுவிட்டு விரிந்தது. உள்ளங்கையில் கொட்டினேன். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது, பூந்தமல்லியில் எவன் கையில் சீனி போடுவான் என்று. நிமிர்ந்தாள்.

"அக்கா, போடாத," என்றேன், உதடு அசையாமல். "போட்டா கப்பல். ஊருக்கு."

அவள் முகம் மாறியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சீனியோடு கையை இறுக மூடினாள். அதிகாரி பேனாவை நீட்டி, "வாம்மா" என்றார். அக்கா அந்தப் பேனாவைப் பார்த்தாள். பிறகு பின்னால் நின்ற பெண்ணிடம் திரும்பி ஏதோ சொன்னாள். சுவரோரம் போய், மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் நின்றவள் அடுத்தவளிடம் சொன்னாள். அவளும் உட்கார்ந்தாள். சொல் வரிசையோடு நகர்ந்தது, நகர்ந்த இடமெல்லாம் ஆட்கள் உட்கார்ந்தார்கள். எல்லாரும் இல்லை. சிலர் போய்ப் போட்டார்கள், அவர்களுக்கு அங்கே யாரோ இருந்தார்கள். அதிகாரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "யாரு சொன்னது இவங்களுக்கு?" என்று கத்தினார். கூடத்தில் ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை.

"டேய், இன்னா பராக்கு பாத்துகினு நிக்கற? எலைய எடு!" என்று சமையல்காரர் உள்ளிருந்து கத்தினார்.

குனிந்து எடுத்தேன். நான் இந்த நாட்டின் குடிமகன் என்று சொல்லும் அந்த அட்டை மடிப்பெல்லாம் கிழிந்து இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அது எனக்கு வாங்கிக் கொடுத்த ஒரே வேலை என் அக்காவின் எச்சில் இலையை எடுப்பதுதான், அதைவிடப் பெரிய வேலை எதையும் நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.