நார்த்தூள் மேட்டில் ஓடிய ஸ்னோ பைக்

திண்டுக்கல் பழனி ரோட்டில் ஷாக் அப்சார்பர் பட்டறை வைத்திருக்கும் ஐரின் பனியை நேரில் பார்த்தது கிடையாது. சித்திரை வெயிலில் அந்த வண்டியை லாரியிலிருந்து இறக்கியபோது பக்கத்துக் கடைக்காரர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். உடம்பு மோட்டார் சைக்கிள்தான். ஆனால் முன்சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் நுனி வளைந்த ஒற்றைப் பலகை. பின்சக்கரத்துக்குப் பதில் விரல் நீளப் பற்கள் வைத்த அகலமான ரப்பர் பெல்ட். பனிமலையில் ஓட்டுகிற ஸ்னோ பைக் அது.

அதை அனுப்பி வைக்கச் சொன்னவன் அவளுடைய அண்ணன் ரொனால்டு. இமாசலத்தில், பனி விழுந்து பாதை அடைபட்ட ஊர்களுக்கு மருந்து கொண்டுபோகும் ஒரு குழுவில் ஓட்டுநராக இருந்தான்; வண்டியும் அந்தக் குழுவுடையதுதான். போன மாசியில் சரிவில் ஏறும்போது வண்டி பின்பக்கமாகப் புரண்டு கால்மேல் விழுந்தது. எலும்புக்குள் கம்பி வைத்து, ஊன்றுகோலோடு ஊர் வந்து சேர்ந்திருந்தான்.

"பேய் புடிச்ச வண்டி ஐரினு. ஏறுறப்ப மூக்கத் தூக்கிருது. கழட்டிப் பாரு. தேறாதுன்னா எடைக்குப் போட்டுருவோம்."

அவள் அவசரப்படவில்லை. முதலில் பெல்ட்டைப் பார்த்தாள். நடுவில் பிடித்து இழுத்தால் கொஞ்சமாவது தொங்க வேண்டும்; இது விறைத்து நின்றது. வழுக்கிவிடுமோ என்ற பயத்தில் யாரோ முறுக்கித் தள்ளியிருந்தார்கள். அந்த இறுக்கத்திலேயே இன்ஜினின் பாதி பலம் போய்விடும். தளர்த்தினாள். ஷாக்குகளைப் பிரித்து எண்ணெய் மாற்றினாள். ஆனால் எங்கே ஓட்டிப் பார்ப்பது? தார் ரோட்டில் ஓட்டினால் பெல்ட்டுக்கு உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் பட்டைகள் சூட்டில் உருகிவிடும். அது ஓட ஈரமும் வேண்டும், புதையும் தரையும் வேண்டும்.

நெய்க்காரப்பட்டியில் நார் மில் வைத்திருக்கும் வேலுசாமி அவளுடைய பழைய வாடிக்கையாளர். அவருடைய களத்தில் தென்னை நார்த்தூள் குன்று குன்றாகக் குவிந்து கிடக்கும். தூளில் இருக்கிற உப்பு இறங்குவதற்காகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருப்பார்கள். கால் வைத்தால் முழங்கால் வரை புதையும்.

"ஏனுங்க, இதை இங்க ஓட்டப் போறீங்களா?" என்றார் வேலுசாமி.

"மேட்டைக் கலைச்சா நானே சரிபண்ணிக் குடுத்துர்றேங்க."

"மேடு கெடக்குதுங்க. நீங்க பாத்து ஓட்டுங்க."

ஐரின் ஏறி உட்கார்ந்தாள். வண்டி நார்த்தூளைப் பின்னால் வாரி இறைத்துக்கொண்டு உச்சிவரை போய் நின்றது. மூக்கைத் தூக்கவே இல்லை. மறுபடியும் ஏற்றினாள். அப்போதும் ஒழுங்காகத்தான் ஏறியது. அவளுக்குக் குழப்பமாகிவிட்டது. வண்டியை நிறுத்திவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்த அண்ணனிடம் வந்தாள்.

"அன்னைக்கு வண்டில என்ன ஏத்திட்டுப் போன?"

"ஆக்சிசன் சிலிண்டர். ஒரு வாத்தியாருக்கு."

"எங்கிட்டுக் கட்டுன?"

"பின்னாடி கேரியர்ல. வேற எங்க கட்டுறது?"

"அந்த வாத்தியாரு?"

"பெழைச்சுக்கிட்டாரு. ஊராளுக நடந்தே வந்து சிலிண்டரத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

ஐரின் ஒரு சாக்கில் ஈர நார்த்தூளை அடைத்து அதே இடத்தில் கட்டினாள். இந்த முறை பாதி மேட்டிலேயே பின்பக்கம் குழி பறித்து இறங்க, பலகை வானத்தைப் பார்த்தது. அவள் வண்டியை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் குதித்தாள். ரொனால்டு ஊன்றுகோலைக்கூட எடுக்காமல் எழுந்து நின்றுவிட்டான்.

"போதும், விட்டுரு."

"செத்த நேரம் இருண்ணே."

பாரமில்லாமல் விளையாட்டாக ஓட்டுகிற ஆளுக்கு ஏற்றபடி வைக்கப்பட்ட வண்டி அது. பெல்ட் சட்டத்தின் முன்பக்கம் எவ்வளவு இறங்கலாம் என்பதைத் துளைகள் போட்ட ஒரு வார் கட்டுப்படுத்தும். அதை ஒரு துளை இழுத்துக் கட்டினாள். பாரம் பலகைப் பக்கம் சாய்ந்தது. ஓட்டிப் பார்த்தாள். அப்புறம்தான் பின் ஸ்பிரிங்கை இறுக்கினாள். மறுபடி ஓட்டினாள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடும். கடைசியாக கேரியரைக் கழற்றி, சாக்கை சீட்டை ஒட்டிக் கட்டினாள். பொழுது சாய்கிற நேரத்தில் வண்டி பாரத்தோடு முக்காமல் முனகாமல் உச்சிக்குப் போனது. மில் ஆட்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

கீழே கொண்டுவந்து அண்ணன் முன்னால் நிறுத்தினாள். அவன் ஹேண்டில்பாரில் கை வைத்தான். பிறகு கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"வண்டி சரியாயிருச்சு. தெரியுது," என்றான். "எனக்குத்தான் ஏலாது ஐரினு."

அவள் வற்புறுத்தவில்லை. வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடினாள். அடுத்த மாதங்களில் ரொனால்டு பட்டறையில் அவளுக்கு ஒத்தாசையாக உட்கார்ந்து ஷாக் வேலை பழகிக்கொண்டான்.

கார்த்திகை கடைசியில் குழுவிலிருந்து போன் வந்தது. ஓட்ட ஆள் கிடைத்துவிட்டது. வண்டியைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. ரொனால்டு போனை அவளிடம் நீட்டினான். "நீ போயிட்டு வா. பட்டறைய நான் பாத்துக்கறேன்," என்றான். அவன் இப்படிச் சொல்வான் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை. வண்டியை லாரியில் ஏற்றிவிட்டு அந்த வாரமே கிளம்பினாள்.

அங்கே பனி நார்த்தூளைப்போல இல்லை. காலையில் மாவாக இருந்தது மதியம் சேறாகி, சாயங்காலம் கல்லாகியது. பெல்ட் குளிரில் சுருங்கியது. நெய்க்காரப்பட்டியில் வைத்த அளவுகளில் பெல்ட் சட்டத்து வாரின் துளை மட்டும்தான் நிலைத்தது. மற்றதையெல்லாம் திரும்ப முதலிலிருந்து பிடிக்க வேண்டியிருந்தது. விரல்கள் மரத்துப்போய் ஸ்பேனர் கையிலிருந்து நழுவியது. ஒரு நாள் புது ஓட்டுநர், போன வருடம் ரொனால்டு விழுந்த அதே சரிவில் மருந்துப் பெட்டிகளோடு ஏறி மறுபக்கம் இறங்கினான்.

அவள் உடனே அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அப்படியா, நல்லது," என்றான் ரொனால்டு. பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது. "வேடசந்தூர் பால்காரரு நிக்கிறாரு, அவரு வண்டி ஷாக்க மாட்டிக்கிட்டு இருக்கேன். அப்பறம் பேசுறேன்."

ஐரின் போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டாள்.