மாமா துப்பிய மாத்திரைகள்

தென்னை மரத்தடியில் கிடந்த அந்தச் சிவப்பு மாத்திரைகளை முதலில் பார்த்தது நான்தான். பாதி கரைந்து, எறும்பு மொய்க்க, நாலைந்து கிடந்தன. என் மாமனார் வாய் கொப்புளிக்கும் இடம் அது. அடக் கடவுளே, இந்த மனுசன் சாகத் துணிந்துவிட்டாரா என்று பதறிப்போனேன். கிணத்துக்கடவில் வாழ்க்கைப்பட்டு எனக்கு ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

மாமாவுக்கு டி.பி. தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நாத்தனாருக்கு வரன் பார்க்கிற நேரம் வேறு. ஊருக்குத் தெரிந்தால் கல்யாணம் நின்றுபோகும், மாமாவே யாரிடமாவது உளறிவிடுவார் என்று நோயாளியிடமே நோயை மறைத்தோம். "சளிக்கட்டுங்க, இது சத்து மாத்திரை" என்று சாதித்தார் அத்தை. மாமாவுக்குத் தட்டு தனி, கட்டில் தனி அறையில். அவர் தலையைக் கண்டால் பேச்சை நிறுத்துவோம். நானும் அதற்கு உடந்தை.

ஏன் துப்புகிறீர்கள் என்று கேட்டதும் என்மேல் பாய்ந்தார்.

"என்னத்தக் கலந்து குடுக்கறீங்க அம்மணி? ஒண்ணுக்கு ரத்தமாட்டப் போகுது. தோட்டத்துக்கு ஆசப்பட்டு என்னக் கொல்லப் பாக்கறீங்களா?"

என் வீட்டுக்காரர், "அப்பாவுக்குப் பித்துப் பிடிச்சிருச்சு" என்றார். நானும் இரண்டு நாள் அதை நம்பினேன். ஆனால் சிறுநீர் சிவப்பது அந்த மாத்திரையால்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் எங்களிடம் முதல் நாளே சொல்லியிருந்தார். பாதியில் விட்டால் உயிருக்கே ஆபத்து என்றும் சொல்லியிருந்தார். அதைச் சொல்லப்போனால் நோயின் பேரையும் சொல்ல வேண்டிவரும் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சுற்றிலும் குசுகுசுப்பு, தனித் தட்டு, சிவந்த சிறுநீர். எவன்தான் சந்தேகப்பட மாட்டான்? எங்கள்மேல் எனக்கே ஆத்திரமாக வந்தது.

மறுநாள் காலை அத்தை தோட்டத்துக்குப் போனதும் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"அப்போ எனக்குப் புத்தி கெடலீங்களா அம்மணி?"

"இல்லீங்க மாமா. நாங்கதானுங்க கெடுத்துப்போட்டோம்."

அன்றைக்கு என் முன்னாலேயே மாத்திரையை விழுங்கினார். ஒரு நாள் விடாமல் சாப்பிட்டுத் தேறியும் விட்டார். நாத்தனார் கல்யாணத்தில் பந்தியை அவர்தான் கவனித்தார்.

நெஞ்சுச்சளியைப் பரிசோதித்து நோய் போய்விட்டது என்றார் டாக்டர். மனசைப் பரிசோதிக்க ஆள் இல்லை. அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் இருந்தார். சோறு போட்டால், முதலில் என் முகத்தை ஒரு தரம் பார்ப்பார். பிறகுதான் பிசைவார்.