பதிலுக்காக உட்கார்ந்திருந்த தாயம்மா

தாயம்மா ஒரு தாளில் கட்டைவிரல் ரேகை வைத்துவிட்டால், அதில் எழுதியிருப்பதை ஒரு வரி விடாமல் நடத்திக் காட்டுவார். இது எனக்குத் தெரியவந்தது 1971-இல்.

அப்போது நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு அபிராமபுரத்தில் வீட்டோடு இருந்தேன். மேலே படிக்க வசதி இல்லை, வேலைக்குப் போக வயது போதாது என்றார்கள். மயிலாப்பூரில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்வரும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருப்பேன். காலை பத்து மணிக்குத் தாயம்மா கீரைக் கூடையோடு எங்கள் தெருவுக்கு வருவார்.

"இந்தக் கீரையை மாடுகூடத் திங்காது" என்பாள் அம்மா.

"மாட்டுக்குத் தனியா வச்சிக்கீறேன்மா. இது உங்களுக்கு" என்பார் தாயம்மா.

கீரை வாடியதற்குக் காரணம் பஸ். அடையாறு பாலத்துக்குத் தெற்கே ஆற்றங்கரையில் இருந்தன அவர்களுடைய குடிசைகள். மயிலாப்பூர் போகும் முதல் பஸ் அந்த வழியாகத்தான் போகும், ஆனால் அங்கே நிற்காது. பெண்கள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து அடுத்த நிறுத்தத்துக்கு நடக்க வேண்டும். அதற்குள் முதல் பஸ் போய்விடும். மயிலாப்பூரில் ஆபீசுக்குப் போகிறவர்கள் வீட்டில் ஏழு மணிக்குள் காய்கறி வாங்கி முடித்துவிடுவார்கள். தாயம்மா கோயில் குளத்தங்கரையில் கூடையை இறக்கும்போது வாங்க ஆள் இருக்காது. மிஞ்சியதைத் தெருத் தெருவாகச் சுமந்து பாதி விலைக்குக் கொடுப்பார்.

ஒருநாள் அவர் என்னிடம், "பாப்பா, நீ மிசின்ல அடிக்கறியாமே. எங்க குப்பத்தாண்ட பஸ்ஸு நிக்கணும்னு ஒரு மனு அடிச்சுக் குடேன்" என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதல் நிஜக் கடிதம். வகுப்பில் எங்களுக்குக் கொடுத்த மாதிரிக் கடிதங்கள் எல்லாமே 'லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை' என்றுதான் முடியும். அந்த வரி இல்லாவிட்டால் ஆசிரியர் துரைராஜ் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். நானும் அப்படியே முடித்தேன்.

தாயம்மா ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். கடைசி வரிக்கு வந்தேன்.

"உங்க பதிலை ஆவலா எதிர்பாத்துக்கிட்டு இருக்கேன்னு போட்டிருக்கு."

"யாரு எதிர்பாக்கறது?"

"நீங்கதான். கீழே உங்க ரேகைதானே வரப் போகுது."

"அப்ப சரி" என்றார். பிறகு விரலை மையில் தோய்த்து அழுத்தினார்.

அடுத்த வாரம் அவர் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. குளத்தங்கரையில் அவரைப் பார்த்துக் கேட்டேன்.

"பத்து மணிக்கெல்லாம் பஸ் ஆபீசுக்குப் போயிடறேன் பாப்பா. எதிர்பாக்கறேன்னு எழுதிக் குடுத்தாச்சில்ல? எங்க குப்பத்துக்குத் தபால்காரன் வரமாட்டான். பதிலு எழுதற எடத்துலயே போய்க் குந்திக்கினேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது வெறும் வழக்கத்துக்கு எழுதுவது என்று சொல்ல வாயெடுத்தேன். வெட்கமாக இருந்ததால் சொல்லாமல், அவரோடு அந்த ஆபீசுக்குப் போனேன்.

தாழ்வாரத்துப் பெஞ்சியில் அவருக்கென்று ஒரு இடமே ஏற்பட்டிருந்தது. பியூன் சுப்புராயன் அவரைப் பார்த்ததும், "வந்துட்டியா? ஆபீசருக்கு முன்னாடி நீ வந்துடறே. சம்பளம் உனக்கா அவருக்கா?" என்றார்.

"அவருக்கே குடு நைனா. எனக்கு பதிலு போதும்."

அன்று அதிகாரி நல்லசிவம் கூப்பிட்டு அனுப்பினார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர்.

"ஏம்மா, தினம் வந்து உக்காந்தா வேலை நடக்குமா? எதிர்பார்க்கிறேன்னு எல்லாரும்தான் எழுதுவாங்க. அது ஒரு மரியாதைக்கு."

"நான் மரியாதைக்கு எழுதல சார். நெசமாத்தான் எதிர்பாத்துக்கினு கீறேன்."

நல்லசிவம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் ஃபைலைப் புரட்டினார்.

"அந்த இடத்துல பஸ்ஸுக்கு ஒருத்தரும் நிக்கறதில்லன்னு இன்ஸ்பெக்டர் எழுதியிருக்காரே."

"நிக்காத பஸ்ஸுக்கு எவ சார் போய் நிப்பா?"

சுப்புராயன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். நல்லசிவம் சிரிக்கவில்லை, ஆனால் பேனாவை எடுத்தார். மறுபடியும் ஒரு காலையில் ஆள் அனுப்பி எண்ணச் சொல்வதாகவும், எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்லக்கூடாது என்றும் சொன்னார்.

எந்த நாள் என்று தெரியாவிட்டால் எல்லா நாளும் நிற்க வேண்டியதுதான் என்று தாயம்மா முடிவு செய்தார். குப்பத்துப் பெண்களைக் கூட்டினார். பூ விற்கிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், எல்லோரும் ஐந்தரை மணிக்குச் சாலையில் நிற்க வேண்டும். பஸ் நிற்காமல் போகும். பிறகு வழக்கம்போல் பாலத்தைக் கடந்து நடக்க வேண்டும்.

"நிக்காம போற பஸ்ஸுக்குத் தினம் நின்னா நம்மள லூசுன்னுவானுங்க" என்றாள் பாஞ்சாலி. தாயம்மாவின் பக்கத்துக் குடிசைக்காரி.

"எதிர்பாக்கறோம்னு பொய்யாடி எழுதினோம்? வந்து நில்லு."

நின்றார்கள். டிரைவர் முதல் நாள் ஹார்ன் அடித்து விரட்டினார். நாலாம் நாள் கையாட்டிவிட்டுப் போனார். எட்டாம் நாள் மழை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நனைந்தபடியே நின்றார்களாம். பதினோராம் நாள் சைக்கிளில் வந்த ஒருவர் எதிர்ப்புறம் இறங்கி, நோட்டுப் புத்தகத்தை எடுத்து விரல் நீட்டி எண்ணினார். நாற்பத்து மூன்று பேர்.

மூன்று வாரம் கழித்து அங்கே பஸ் நிறுத்தக் கம்பம் நட்டார்கள். பெஞ்சியிலிருந்த தாயம்மாவிடம் சேதி சொன்னவர் சுப்புராயன். முதல் பஸ் நிற்கப்போகும் அன்று அப்பாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, விடியும் முன்பே அப்பாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து நானும் போனேன்.

பாலத்துப் பக்கம் இன்னும் வெளுக்கவில்லை. பெண்கள் வரிசையாக நின்றார்கள். விளக்கு தெரிந்தது. பஸ் வந்தது, வேகம் குறைந்தது, கம்பத்துக்கு நேராக நின்றது.

ஒருவரும் ஏறவில்லை. அத்தனை நாள் நின்று, பஸ் போவதைப் பார்த்துவிட்டு நடந்தே பழகியிருந்தார்கள். கூடையோடு அப்படியே நின்று பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கண்டக்டர் தலையை நீட்டினார். "இன்னாமா, வேடிக்கை பாக்கறதுக்கா நிறுத்தச் சொன்னீங்க?"

"ஏறுங்கடி, நம்ம பஸ்ஸு" என்றார் தாயம்மா. அப்புறம் ஒரே கூச்சல், சிரிப்பு, இடிபாடு. பாஞ்சாலி முதலில் ஏறி ஜன்னலோர இடத்தைப் பிடித்துக்கொண்டாள். தாயம்மா எல்லோரையும் ஏற்றிவிட்டுக் கடைசியில் ஏறினார். "போலாம் ரைட்" என்று கண்டக்டருக்கு முன்னால் அவரே குரல் கொடுத்தார்.

நாங்கள் சைக்கிளில் பின்தொடர்ந்து குளத்தங்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறே கால். தாயம்மாவைச் சுற்றிக் கூட்டம். முளைக்கீரை ஈரத்தோடு தளதளவென்று இருந்தது. ஏழு மணிக்குக் கூடையில் இரண்டே கட்டு. விலை குறைத்துக் கேட்ட ஒருவரிடம், "இது காலைக் கீரை சார், கொறையாது" என்றார். அவர் முழு விலை கொடுத்து இரண்டையும் வாங்கிக்கொண்டு போனார்.