துவக்கு ஒன்று, குண்டு இல்லை

மெல்பேர்ணில் நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், ஒரு பெண் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு எங்கள் பார்சல் கவுண்டருக்கு வந்தாள். வண்டியின் அடித்தட்டில், குழந்தையின் பால்போத்தலுக்குப் பக்கத்தில், பூப்போட்ட போர்வையால் சுற்றிய நீளமான ஒரு சாமான் கிடந்தது. அதைத் தூக்கி என் முன்னால் வைத்து, தம்பிக்குப் பிறந்தநாள், வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேருமா என்று கேட்டாள். போர்வையை விலக்கினேன். துவக்கு. நீட்டுத் துப்பாக்கி. சுட்டது போலக் கையை எடுத்துவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, போர்வையோடு சேர்த்தா நிறுப்பீர்கள், அப்படியென்றால் போர்வையைத் திருப்பித் தாருங்கள் என்றாள். அவளுடைய கவலை அவ்வளவுதான்.

எங்கள் மேற்பார்வையாளர் லெஸ் வந்து ஒரு நீண்ட மட்டைப்பெட்டியை எடுத்து அந்தத் துவக்கை அதற்குள் கிடத்தினார். சுடுவதற்கான இரும்புப் பூட்டை முதலில் கழற்றினார். அதை இங்கே போல்ட் என்கிறார்கள். அது இல்லாவிட்டால் துவக்கு வெறும் குழாய். போல்ட்டைச் சின்னப் பெட்டி ஒன்றில் போட்டு வேறு லேபல் ஒட்டினார். துவக்கு ஒரு லொறியில், போல்ட் இன்னொரு லொறியில். குண்டைப் பார்சலில் ஏற்பதில்லை. பார்சல் சீட்டில் ‘துவக்கு ஒன்று, குண்டு இல்லை’ என்று எழுதினார். வேலை முடிந்தது. ஐந்து நிமிடம் ஆகவில்லை. அந்தப் பெண் போர்வையை மடித்துக் குழந்தையின் காலில் போட்டுக்கொண்டு போனாள்.

ஊரில் இருப்பவர்கள் இதை நம்பமாட்டார்கள். நானும் நம்பவில்லை. நான் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், ஒன்பது வருடம் துவக்கு அனுமதிப் பிரிவில் லிகிதராக இருந்தவன். இங்கே வந்த நம்மவர்கள் பலர் ஊருக்கு எழுதும்போது தங்களை ஒபிசர் என்று எழுதுகிறார்கள். நான் அப்படி எழுதவில்லை. அங்கே லிகிதர், இங்கே பார்சல் நிறுப்பவன். ஆனால் அங்கே இருந்தபோது நான் ஒரு ராசா. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு துவக்கிலும் ஒரு இலக்கம் வெட்டியிருக்கும். அந்த இலக்கம் என் பேரேட்டில் இருக்கும். வருடம் தவறாமல் துவக்கையும் புத்தகத்தையும் கொண்டுவந்து காட்டினால்தான் புதுப்பித்துக் கொடுப்பேன். இலக்கம் இல்லாத துவக்கு என் மேசையைத் தாண்டி ஒரு அங்குலம் நகராது.

வன்னியிலிருந்து ஒரு கமக்காரர் வந்தார். அவருடைய துவக்கில் வெட்டியிருந்த இலக்கத்துக்கும் புத்தகத்தில் இருந்த இலக்கத்துக்கும் ஒரு எண் வித்தியாசம். எழுதியவன் விட்ட பிழை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் துவக்கை வாங்கி வைத்துக்கொண்டு மேலிடத்துக்கு எழுதினேன். பதில் வர ஏழு கிழமை, கிட்டத்தட்ட இரண்டு மாதம், ஆயிற்று. அவர் திரும்பி வந்தபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“ஐயா, பன்றி வயல் முழுக்கத் திண்டிட்டுது.”

“அதுக்கு நான் என்ன செய்யிறது? சட்டம் அப்பிடி.”

அவர் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

இந்த நாட்டுக்குள் வர நான் பதினொரு கடுதாசி கொடுத்தேன். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். சளியை எடுத்தார்கள். பொலிஸ் அத்தாட்சி கேட்டார்கள். எவனோ ஒருவன் என்னை நல்லவன் என்று எழுதித் தர வேண்டியிருந்தது. துவக்குக்கு ஒரு லேபல் போதும். இதைச் சொன்னால் லெஸ் சிரிப்பார். “துவக்கு வேலை கேக்காது, சிவா,” என்பார். என் முழுப்பெயர் சிவபாதம். முதல் நாளே பாதியை வெட்டிவிட்டார்.

வந்து ஒன்றரை வருடம் ஆகியும் மனைவி பத்மாவும் மகளும் ஊரில்தான் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட எல்லாம் தயார், ஒன்றைத் தவிர. நான் நிரந்தர வேலையில் இருக்கிறேன் என்று முதலாளியிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும். எங்கள் கம்பனியில் அந்தக் கடிதத்தை எழுதுவது லெஸ். நிரந்தரமாக்குவதற்கான தவணைக்காலம் முடியட்டும், எழுதித் தருகிறேன் என்றிருந்தார். இன்னும் மூன்று கிழமை இருந்தது. மகளுக்கு அப்போது ஐந்து வயது. என் முகம் அவளுக்குப் படத்தில்தான் தெரியும் என்று பத்மா எழுதியிருந்தாள்.

அந்த மூன்று கிழமைக்குள்தான் நான் அந்த வேலையைச் செய்தேன். லெஸ் மீன் பிடிக்கவென்று ஐந்து நாள் லீவில் போயிருந்தார். கவுண்டர் என் பொறுப்பு. நகரத்தில் துவக்குத் திருத்தும் கடைக்காரன் ஒருவன் இரண்டு பார்சல் அனுப்பியிருந்தான், மேற்கே இருநூறு மைல் தள்ளி இருக்கும் ஒரு மாட்டுப் பண்ணைக்கு. பண்ணைக்காரரின் பெயர் நோயல். போல்ட் முதல் நாளே போய்விட்டது. துவக்கை ஏற்றுவதற்கு முன் சீட்டைப் பார்த்தேன். துவக்கு இலக்கம் என்று ஒரு கட்டம் இருந்தது. காலி. அந்தக் கட்டத்தை எவனும் நிரப்புவதில்லை, எவனும் கேட்பதுமில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்றரை வருடமாக நானே காலியாக விட்டு ஏற்றியிருக்கிறேன். ஆனால் அன்று லெஸ் இல்லை. மேசை என்னுடையது. ஒன்பது வருடப் பழக்கம் கையில் ஏறிவிட்டது. துவக்கைக் கம்பிக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டினேன். ‘இலக்கம் வரும்வரை நிறுத்தி வைக்கப்பட்டது’ என்று ஒரு அட்டை கட்டினேன்.

பக்கத்தில் ரெலிபோன் இருந்தது. ஒரு நிமிட வேலை. நான் ரெலிபோனைத் தொடவில்லை. கடைக்காரனுக்குக் கடிதம் எழுதினேன். பிரதி ஒன்று வைத்து, கோப்பு இலக்கம் போட்டு, ‘தங்கள் கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருவது யாதெனில்’ என்ற கச்சேரி நடையை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி, கடைசியில் ‘தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்’ என்று முடித்துத் தபாலில் போட்டேன். அன்று வெகுநாளுக்குப் பிறகு எனக்குச் சாப்பாடு ருசித்தது. அடுத்த நாள் தொடங்கி நாலு நாள் ஈஸ்டர் விடுமுறை. கடிதம் தபாற் பெட்டிக்குள் தூங்கியது.

செவ்வாய்க்கிழமை லெஸ் மூக்குத்தோல் உரிந்து வேலைக்கு வந்தார். பத்து மணிக்கு நோயலிடமிருந்து ரெலிபோன் வந்தது. அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கூண்டைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“சிவா, உன்னை ஆர் பொலிஸ்காரன் ஆக்கினது?”

“சீட்டில் இலக்கம் இல்லை.”

“என்ரை பிறந்த நாளும்தான் அதிலை இல்லை. அதுக்காக அனுப்பாமல் விட்டனியோ?”

பிறகு நடந்ததைச் சொன்னார். அந்த வருடம் மாட்டு விலை விழுந்து கிடந்தது. சந்தைக்கு ஏற்றிப் போகும் லொறிக் கூலிகூட மாட்டு விலையில் வராது. மழையும் இல்லை, புல்லும் இல்லை. பண்ணைக்காரர்கள் தங்கள் மாடுகளைத் தாங்களே சுட்டுப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். நோயலின் மூன்று மாடு வற்றிய குளத்துச் சேற்றில் புதைந்து இரண்டு நாள் உயிரோடு கிடந்திருக்கின்றன. அயல் பண்ணைக்காரனின் துவக்கு அவனுடைய மாடுகளுக்கே ஓயவில்லை. நோயலின் கையில் போல்ட் இருந்தது. துவக்கு என் கூண்டில் இருந்தது. மூன்றாம் நாள் அவர் கோடரியால் அடித்துக் கொன்றிருக்கிறார்.

நான், சட்டம் என்று தொடங்கினேன். லெஸ் கையைக் காட்டி நிறுத்தினார். சத்தம் போடவில்லை. “அந்த மனுசன் தலைமைக் கந்தோருக்கு முறைப்பாடு எழுதினால் உன்ரை கடிதத்தை நான் எழுதேலாது. வேலையும் இருக்காது. இண்டைக்கு லொறியிலை நீயே கொண்டு போய்க் குடு. ஒப்பம் வாங்கிக்கொண்டு வா. சீட்டிலை குறிப்பு எண்டு ஒரு இடம் இருக்கு. அதிலை அவன் என்ன எழுதுறானோ, அதைப் பொறுத்தது.”

லொறிச் சாரதி மால்டா நாட்டுக்காரர், பெயர் ஜோ. இருநூறு மைலும் வாய் ஓயவில்லை. “கடிதம் எழுதின மகாராசா நீதானா? எனக்கும் ஒண்டு எழுதித் தா, மனிசியின்ரை தாய்க்கு அனுப்ப வேணும்.” நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். மண் பழுத்த புளி நிறமாகக் கிடந்தது. மடியில் பெட்டி. ஒன்பது வருடம் துவக்குகளுக்கு முத்திரை குத்தியவன், ஒரு துவக்கையும் மடியில் வைத்திருந்ததில்லை. மடியில் வைத்தால் அது இவ்வளவு பாரம் என்று அன்றுதான் தெரிந்தது.

நோயல் வாசலிலேயே நின்றார். என் வயதுதான் இருக்கும். ஒல்லி. தொப்பியைக் கழற்றவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் திருப்பித் திட்டவும் ஆயத்தமாக வந்திருந்தேன். நான் அப்படிப்பட்டவன்தான். கையைக் கட்டிக்கொண்டு நிற்க நான் போகவில்லை, அவரும் நிற்கவில்லை.

“நீயா அந்தக் கடிதம் எழுதினது?”

“ஓம்.”

“கடைக்காரன் போனிலை வாசிச்சுக் காட்டினான். வடிவான கடிதம்.”

அவ்வளவுதான். பெட்டியை உடைத்துத் துவக்கை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து போல்ட்டை எடுத்துப் பூட்டினார். நான் சீட்டையும் பேனாவையும் நீட்டினேன். அவர் சீட்டைப் பார்க்கவில்லை. “அது பிறகு,” என்றார். வேலியில் கிடந்த கயிற்றை எடுத்து என் கையில் தந்தார். “முதல் இதைப் பிடி. என்ரை மகன் மாட்டன் எண்டு சொல்லிப்போட்டான்.”

பட்டிக்குப் பின்னால் புல்டோசர் கிண்டிய குழி இருந்தது. குழிக்கு இந்தப் பக்கம் பதினொரு மாடு. விலா எலும்பை எண்ணலாம். நான் சைவ வீட்டில் பிறந்தவன். மாட்டைக் காலால் தொட்டுவிட்டால் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற வீடு. அங்கே நின்று யோசித்தேன். பெரிதாக ஒன்றும் யோசிக்கவில்லை. கையெழுத்தைத்தான் யோசித்தேன். கயிற்றைப் போட்டு முதல் மாட்டைக் கொண்டுவந்து தலையை நேரே பிடித்தேன். அவர் கிட்ட வந்து நெற்றியில் வைத்துச் சுட்டார். கயிறு என் கையை இழுத்துக்கொண்டு கீழே போயிற்று. அவிழ்த்து அடுத்ததற்குப் போட்டேன். ஜோ லொறிக்குள் ஏறிக் கண்ணாடியை மூடிக்கொண்டார். பதினொன்றும் முடிய ஒரு மணித்தியாலம் ஆயிற்று. கடைசி மாட்டை மட்டும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

பிறகு சீட்டை லொறியின் மூக்கில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். குறிப்பு என்ற இடத்தில் பேனா நின்றது. ஏதோ எழுதினார். மடித்துத் தந்துவிட்டு வீட்டுக்குள் போனார். லொறி ஓடத் தொடங்கிய பிறகுதான் பிரித்தேன். ‘பிந்தி வந்தது. கொண்டுவந்தவன் உதவி செய்தான்.’

லெஸ் அதை இரண்டு தரம் வாசித்தார். இது முறைப்பாடும் இல்லை, பாராட்டும் இல்லை, இதை எந்தக் கோப்பில் போடுவது என்று தனக்கே சொல்லிக்கொண்டார். தவணை முடிந்ததும் கடிதம் தந்தார். கவுண்டரிலிருந்து எடுத்து என்னை லொறி ஏற்றும் மேடையில் போட்டார். அது நியாயம். இலக்கக் கட்டம் இன்றும் காலியாகத்தான் போகிறது. அது நியாயம் என்று நான் இன்றும் ஒப்புக்கொள்ளமாட்டேன். நாளைக்கு எவனாவது ஒருவன் மாட்டை அல்ல, மனிதனைச் சுட்டால் எந்தச் சீட்டைப் பார்ப்பார்கள்? ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதியை நான் ஒரு கடிதத்தில் செலவழித்துவிட்டேன்.

பத்மாவும் மகளும் வந்தார்கள். கடிதம் எப்படிக் கிடைத்தது என்று பத்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இதை வாசித்தால் தெரிந்துகொள்வாள்.

போன நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மசுக்கு, முந்திய சனிக்கிழமை, கம்பனிக்காரர் பூங்காவில் வைத்துச் சாப்பாடு கொடுத்தார்கள். வெயில் கொளுத்தியது. லெஸ் அரைக் காற்சட்டையோடு இரும்புத் தகட்டில் சொசேஜ் பிரட்டிக்கொண்டிருந்தார். பத்மா மரத்தடியில் பாயை விரித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த புட்டுப் பெட்டியோடு இருந்தாள். மகள் ஓடிப் போய்க் கையில் பாண் ரொட்டியும் சொசேஜுமாகத் திரும்பி வந்தாள்.

“அப்பா, லெஸ் அங்கிள் தந்தவர். சாப்பிடட்டோ?”

“பிள்ளை, அது மாடு. கீழை வை,” என்று பத்மா எழும்பினாள். பிறகு என்னைப் பார்த்தாள். “என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? நீங்கள் சொன்னால்தான் கேப்பாள்.”

நான் பாணை மகளிடமிருந்து வாங்கினேன். சூடாக இருந்தது. சாப்பிடாதே என்று சொல்ல வாய் திறந்தேன், எந்த உரிமையில் சொல்வது என்று தெரியவில்லை. சாப்பிடு என்று சொல்லவும் முடியவில்லை. அந்தப் பக்கம் லெஸ் சோஸ் போத்தலை நீட்டிக்கொண்டு நின்றார். இந்தப் பக்கம் பத்மா புட்டுப் பெட்டியைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தாள். மகள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, வாயைத் திறந்தபடி, நடுவில் நின்றாள்.