ஜெபக் குறிப்பு

வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, உபவாச ஜெபத்தில் அது தொடங்கியது. கோவில்பட்டியில் எங்கள் தெருவை ஒட்டிய சபையில் பெண்கள் முழங்காலில் நின்றோம். ஆளுக்கொரு ஜெபக் குறிப்பைச் சொல்லி ஜெபிப்பது வழக்கம். அடுத்த வீட்டுத் தோழியின் முறை வந்தது.

"ஆண்டவரே, எங்க அக்காவோட மூத்த மகன் பிராந்திக் கடையில விழுந்து கெடந்தவன். அந்த வாலிபனை விடுவியும் அப்பா" என்று அழுதாள்.

பெண்கள் "ஸ்தோத்திரம்" என்றார்கள். அவள் அக்கா என்று கூப்பிடுவது என்னைத்தான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். நான் கண்ணைத் திறக்கவில்லை.

நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மகன் குடித்தான். ஒருநாள் அவனாகவே என்னிடம் சொல்லி அழுதான், விட்டும்விட்டான். கடை இருக்கும் ரோட்டில் வராமல், ரயில்வே ஸ்டேஷனைச் சுற்றி சைக்கிள் மிதித்து வீடு சேர்வான். அவன் மறுபடியும் விழுந்துவிடுவானோ என்ற பயத்தைத் தனியாகச் சுமக்க முடியாமல், விடியற்காலையில் என்னோடு ஜெபிக்கிற இந்தத் தோழியிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவளும் தன் மகளைப் பற்றிச் சொல்லியிருந்தாள். அந்தப் பெண் ஒருவனை விரும்பி, அவனோடு மதுரைக்குப் போக ரயிலடி வரை சென்று, மனம் மாறித் திரும்பியிருந்தாள். அது எங்கள் இருவருக்கும் மட்டுமே தெரியும்.

கூட்டத்துக்கு வந்த ஒருத்தி ஜெபம் முடிந்ததும் அதே மில்லில் வேலை செய்யும் தன் மகனுக்குச் சோறு கொண்டுபோய், இதையும் சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் என் மகன் செருப்பைக் கழற்றாமலே நின்றான்.

"'ஏலே, ஒனக்குச் சபையில ஸ்பெஷல் ஜெபமாமே, இனிமே சோடா மட்டுந்தானா'ன்னு கூட வேலை பாக்கிறவன் கேக்கான். மில்லு பூராவும் சிரிக்குதும்மா."

நான் தோழியின் பெயரைச் சொல்லித் திட்டத் தொடங்கினேன்.

"அவிய சொன்னாவ, சரி. அவியகிட்ட யாரு சொன்னது?"

பசுவந்தனையில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போவதாகச் சொன்னான். "குடிக்கப் போறேன்னு நெனைக்காதீங்க" என்றவன், வாசலில் திரும்பி, "நெனைச்சாலும் நெனைச்சுக்கோங்க" என்றான்.

மறுநாள் கழுகுமலையிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். தோழியின் மகளைத் தன் மகனுக்குக் கேட்கிறவர். அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல் எங்கள் ஊர்களில் யாரும் பெண் எடுப்பதில்லை. காப்பியைக் குடித்துவிட்டு, "நீங்க கூடவே இருக்கிறவிய. புள்ள எப்படி?" என்று கேட்டார்.

'அவளுக்காக ரொம்ப ஜெபிக்க வேண்டியிருக்கு.' இவ்வளவு சொன்னால் போதும். பொய் இல்லை; பக்தியாகவும் இருக்கும். மிச்சத்தை அவரே தோண்டி எடுத்துக்கொள்வார். சொல் நாக்கு நுனியில் இருந்தது, அத்தனை தித்திப்பாக.

டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். 'எங்களைச் சோதனைக்குட்படப் பண்ணாமல்' என்று தினமும் சொல்கிற ஜெபம் பாதியில் நின்றுவிட்டது. 'யாரு சொன்னது?' என்ற மகனின் குரல்தான் கேட்டது. கழுவிய டம்ளரையே திரும்பவும் கழுவினேன்.

"நல்ல பிள்ளை. தாய் படுத்துக் கெடந்தப்ப வீட்டைத் தாங்குனது அவதான்" என்றேன். அது உண்மை. மற்றது அந்தப் பெண் தானே சொல்ல வேண்டியது.

அவர் போன பிறகு மனதில் சமாதானம் ஒன்றும் வரவில்லை. சொல்லாமல் விட்டோமே என்ற ஆத்திரம்தான் இரவு முழுவதும் இருந்தது.

ஞாயிறு சாயங்காலம் மகன் வந்தான். சட்டையெல்லாம் கரிசல் புழுதி. பக்கத்தில் போய் வாடை பார்க்கத் துடித்த முகத்தைத் திருப்பிக்கொண்டு சோறு போட்டேன். சாப்பிட்டான். கை நடுங்கவில்லை.

அப்போதுதான் தோழி வந்தாள். எப்போதும் நேராக அடுப்படிக்கே வருகிறவள், வாசற்படியில் நின்றுகொண்டாள்.

"நிச்சயத்துக்கு நாள் குறிச்சிட்டாவ. நீங்க நல்ல வார்த்தை சொன்னியளாம்." உள்ளே வராமலே சொன்னாள். "அந்தம்மா ஒங்க வீட்டுக்குள்ள போனதப் பாத்ததுலருந்து எனக்குத் தூக்கமே இல்ல."

உள்ளே மகன் சாப்பிடும் சத்தம் நின்றது.

"ஒங்க எடத்துல நானா இருந்தா சொல்லிருப்பேன்க்கா."